டாஷ்போட்டுக்குப் பின்னால் ஒழுகும் ஹீற்றர் குழாயைக் கழற்றிப் பூட்டுவது

யாழ்ப்பாணத்து வெக்கைக்குள் ஹீற்றர் போட்டு ஓடுகிற ஆள் கிடையாது. ஆனாலும் யப்பானிலிருந்து வந்து இறங்கிய கார், வான் எல்லாவற்றிலும் டாஷ்போட்டுக்குப் பின்னால் ஒரு ஹீற்றர் இருக்கிறது. கொப்பி ஒன்றின் அளவிலான சின்ன றேடியேற்றர் அது. கோர் என்று சொல்வார்கள். எஞ்சினிலிருந்து சுடுதண்ணீரைக் கொண்டுவர ஒரு குழாய், திருப்பி அனுப்ப இன்னொன்று. இரண்டும் எஞ்சினுக்கும் கபினுக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவரைத் துளைத்துக்கொண்டு போகின்றன. குமிழைக் குளிர்ப் பக்கம் திருப்பினால் தண்ணீரையே மறிக்கிற வால்வு சில வாகனங்களில் உண்டு. மற்றவற்றில் பெட்டிக்குள் இருக்கிற ஒரு கதவு காற்றை மட்டும்தான் மறிக்கும். தண்ணீர் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே ஹீற்றரை ஒருநாளும் தொடாதவரின் வாகனத்திலும் இது அரிக்கும், ஒழுகும்.

ஒழுகுவது எது என்று முதலில் பாருங்கள்

இடப்பக்க சீற்றின் காலடியில் காப்பெற் நனைந்திருந்தால் உடனே டாஷ்போட்டில் கை வைக்க வேண்டாம். ஏசித் தண்ணீரும் அதே இடத்தைத்தான் நனைக்கும். ஏசியின் வடிகால் குழாய் வாகனத்தின் அடியில் முடிகிறது. புழுதியோ குளவிக் கூடோ அதை அடைத்தால் தண்ணீர் உள்ளே திரும்பும். மெல்லிய கம்பியால் அடியிலிருந்து மெதுவாகக் குத்திவிட்டாலே பாதிப் பேருக்கு வேலை முடிந்துவிடும்.

பச்சை, சிவப்பு நிறத்தில் வழுவழுப்பாகவும் இனிப்பு மணத்தோடும் இருந்தால் அது கூலன்ற் (றேடியேற்றர் தண்ணீரில் கலக்கும் திரவம்), அதாவது ஹீற்றர் ஒழுக்கு என்று கையேடுகள் சொல்லும். கூலன்ற் ஊற்றிய வாகனத்துக்கு அது சரி. அந்த வாகனங்களில் முன்கண்ணாடியின் உட்புறத்திலும் துடைக்கத் துடைக்கப் போகாத எண்ணெய்ப் படலம் ஒன்று படியும். ஆனால் எங்கள் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீரை அப்படியே றேடியேற்றருக்குள் ஊற்றி ஓடும் வாகனங்கள் நிறைய. அவற்றில் நிறமும் இல்லை, மணமும் இல்லை. அப்படியானால் காப்பெற்றைத் தூக்கி உலரவிட்டு, அடியில் பழைய பத்திரிகைத் தாள் விரித்து, இரண்டு நாள் ஏசி போடாமல் ஓடுங்கள். தாள் நனைந்து, றிசேவ் போத்தலில் மட்டமும் இறங்கியிருந்தால் ஹீற்றர்தான். தாள் காய்ந்த பிறகும் பாருங்கள்: ஏசித் தண்ணீர் அடையாளம் விடாது, கிணற்றுத் தண்ணீர் வெள்ளை உப்பு வளையம் விடும், கூலன்ற் நிறக் கறை விடும்.

இன்னொன்றையும் பார்க்காமல் உள்ளே போகக் கூடாது. எஞ்சின் பக்கத்தில் ஹோஸ் பூட்டிய இடத்தில் ஒழுகினால், தண்ணீர் குழாய் வழியே ஊர்ந்து சுவரைத் தாண்டிக் கபினுக்குள் சொட்டும். ரோர்ச் அடித்து அந்த இரண்டு கிளிப்புகளையும் சுற்றிப் பாருங்கள். வெள்ளைப் பூப்போ துரு வடிந்த கோடோ தெரிந்தால், டாஷ்போட்டைத் திறக்காமல் ஹோஸையும் கிளிப்பையும் மாற்றி முடித்துவிடலாம்.

கராஜில் றேடியேற்றர் பிறஷர் பம்ப் இருந்தால் எல்லாச் சந்தேகமும் பத்து நிமிடத்தில் தீரும். றேடியேற்றர் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று அடித்திருக்கும். குளிர்ந்த எஞ்சினில் அந்த அளவுக்கு மட்டும் அமுக்கம் ஏற்றிவிட்டு முள்ளைப் பாருங்கள். முள் இறங்கி, வெளியில் எங்கேயும் ஈரம் இல்லையென்றால் ஒழுக்கு உள்ளேதான்.

ஏன் இங்கே அடிக்கடி போகிறது

குடாநாட்டின் அடி சுண்ணாம்புக்கல். கேத்தலுக்குள் படிகிற வெள்ளைச் சுண்ணாம்புதான் எஞ்சினுக்குள்ளும் படிகிறது. கோரின் குழல்கள் மிக ஒடுக்கமானவை, அதனால் முதலில் அடைபடுவது அதுதான். தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் கிணறு உவர். அந்த உப்பு அலுமினியத்தைப் பொட்டுப்பொட்டாக அரித்து ஊசித்துளை போடும். வழியில் ஒழுகும்போது மஞ்சள் தூளோ, கடையில் விற்கும் ஒழுக்கு அடைக்கும் தூளோ போட்டால் றேடியேற்றர் துளை அடைபடலாம், அதோடு ஹீற்றர் கோரும் அடைபடும். வீடு வந்து சேர அது உதவும். அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

கழற்றுவதா, சுற்றிக் கட்டிவிடுவதா

ஊரில் வழக்கமாகச் செய்வது கோரைக் கைவிட்டு, எஞ்சின் பக்கத்திலேயே போகிற வாயையும் வருகிற வாயையும் ஒரே ஹோஸால் இணைத்துவிடுவது. ஹீற்றர் தேவையே இல்லை என்பவருக்கு அது குற்றமில்லை. செய்கிற விதத்தில்தான் பிழை விடுகிறார்கள்.

இரண்டு வாயையும் தனித்தனியே அடைக்காதீர்கள். பல எஞ்சின்களில் ஹீற்றர் வழியே திரும்பும் தண்ணீர்தான் தேர்மோஸ்ற்றற் (எஞ்சின் சூடேறியதும் றேடியேற்றருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) அடைத்திருக்கும் நேரத்திலும் சுற்றோட்டத்தை வைத்திருக்கிறது. அதை மறித்தால் தேர்மோஸ்ற்றற் பிந்தித் திறக்கும், எஞ்சின் தலைப்பகுதியில் ஓரிடம் மட்டும் கொதிக்கும். இணைப்பதற்குத் தோட்டத்து ஹோஸோ பிவிசி துண்டோ பாவிக்கவே கூடாது. தண்ணீர் 80 பாகை செல்சியஸுக்கு மேல் ஓடுகிறது. அந்தச் சூட்டில் பிவிசி இளகி, கிளிப்புக்குள்ளிருந்து வழுக்கிக் கழன்றுவிடும். ஹீற்றர் ஹோஸ் என்று கேட்டே வாங்குங்கள். யப்பான் வாகனங்களில் பெரும்பாலும் உள்விட்டம் 16 மில்லிமீற்றர், கடையில் 5/8 அங்குலம் என்பார்கள். பழைய துண்டைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவது நல்லது. வளைவு நெருக்கமாகி ஹோஸ் மடிந்தால் அதுவும் அடைப்புத்தான். அப்போது வளைத்த உலோகக் குழாய் ஒன்றை நடுவில் போடுங்கள்.

ஆனால் ஹீற்றரை வைத்திருப்பதில் ஒரு லாபம் உண்டு. சித்திரை வெயிலில் ஏ9 வீதியில் எஞ்சின் சூட்டு முள் சிவப்புக்கு ஏறும்போது, ஏசியை நிறுத்தி, ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, ஃபானையும் முழுவேகத்தில் விட்டால் எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு கபினுக்குள் இறங்கும். வேர்த்துக் கொட்டும், ஆனால் ஹெட் கஸ்கெற் (எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு) தப்பும். நுவரெலியாப் பக்கம் போய்வருகிறவர்களும் கோரை மாற்றுவதே நல்லது.

பல வான்களில் பின்னால் இன்னொரு ஹீற்றர் இருக்கும். தரைக்கு அடியால் ஓடும் அதன் இரும்புக் குழாய்கள் உப்புக் காற்றில் துருப்பிடித்து முதலில் போகும். அது முன் ஹீற்றரிலிருந்து மூவழி இணைப்பால் பிரிந்த கிளையாக இருந்தால், அந்தக் கிளையின் இரண்டு வாயையும் அடைத்துவிடலாம்; முன்பக்கச் சுற்றோட்டம் அப்படியே இருக்கும். அடைப்பதற்குப் பித்தளை முளை போட்டுக் கிளிப் இறுக்குங்கள். றப்பர் தொப்பி சில மாதத்தில் வெடித்துவிடும்.

எடுத்து வைக்க வேண்டியவை

8, 10, 12, 14 மில்லிமீற்றர் சொக்கற்றுகள், நீளமான எக்ஸ்ரென்ஷன், நுனி வளைந்த பிளையர், பிளேட், தட்டையான பிளாஸ்ரிக் நெம்பி, 5 லீற்றர் பேசின் இரண்டு, பழைய துவாய்கள். ஸ்குறூட்றைவர் விடயத்தில் கவனம்: யப்பான் ஸ்குறூத் தலைக்குள் சாதாரண நட்சத்திர நுனி முழுதாக இறங்காது, மேலே ஏறி வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் நுனி என்று கேட்டு ஒன்று வாங்கி வையுங்கள். கழற்றுகிற ஸ்குறூக்களைப் போட முட்டை மட்டை ஒன்று போதும். ஒவ்வொரு பலகைக்கும் ஒவ்வொரு குழி. ஒவ்வொரு படியிலும் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள்.

புதிதாக வேண்டியவை: ஹீற்றர் ஹோஸ் 1 மீற்றர், கிளிப் 4, குழாய் மூட்டுகளுக்கான ஓ-றிங்குகள் (றப்பர் வளையங்கள்), கூலன்ற், தேவையானால் கோர். கோர் வாங்கும்போது வாகனத்தின் மொடல் இலக்கத்தைச் சேசிஸ் தகட்டிலிருந்து எழுதிக்கொண்டு போங்கள். ஒரே பெயருள்ள வாகனத்திலும் ஏசி உள்ளதற்கும் இல்லாததற்கும் கோர் மாறும். கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் கழற்றிய கோர் எடுப்பதானால், பணம் கொடுக்கமுன் ஒரு வாயைப் பெருவிரலால் மூடி, தண்ணீருக்குள் அமிழ்த்தி, மறுவாயால் ஊதிப் பாருங்கள்.

எஞ்சின் பக்கம்

எஞ்சின் முழுதாகக் குளிர்ந்த பிறகே தொடங்குங்கள். பற்றரியின் மறை முனையைக் கழற்றுங்கள். எயர்பாக் உள்ள வாகனமானால் அதன் பின் ஆகக் குறைந்தது 90 செக்கன் எதையும் தொடாமல் இருங்கள். அதன் மின்தேக்கி வடிய அவ்வளவு நேரம் வேண்டும். மஞ்சள் நிறக் கனெக்ரர்கள் எல்லாம் எயர்பாக்குக்கு உரியவை. மீற்றர் வைத்து அவற்றைச் சோதிக்கக் கூடாது. கழற்றிய எயர்பாக்கை முகம் மேலே பார்க்க வையுங்கள்.

றேடியேற்றர் அடித் திருகைத் திறந்து தண்ணீரைப் பேசினில் பிடியுங்கள். எவ்வளவு வந்தது என்று அளந்து எழுதி வையுங்கள், திரும்ப ஊற்றும்போது அந்த அளவுதான் உங்களுக்குக் கணக்கு. கூலன்ற் கலந்த தண்ணீர் இனிப்பாக இருக்கும், நஞ்சும்கூட. நாயும் ஆடும் நக்கும் இடத்தில் பேசினை விடாதீர்கள். கிணற்றடியில் ஊற்றவே வேண்டாம். சுண்ணாம்புக்கல் வெடிப்புகளால் நேரே நிலத்தடி நீருக்குப் போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் வந்தது யாருக்கும் மறந்திராது.

இனி சுவரைத் துளைத்துப் போகும் குழாய்களை அடையாளம் காணுங்கள். றப்பர் ஹோஸும் கிளிப்பும் உள்ள இரண்டும் ஹீற்றருடையவை. பக்கத்திலேயே ஒன்று தடித்தும் ஒன்று மெல்லிசாயும் போகிற அலுமினியக் குழாய்கள் ஏசியுடையவை. அவற்றின் நட்டில் சாவி வைக்காதீர்கள். உள்ளே ஏசி வாயு (பெரும்பாலும் ஆர்-134ஏ) அமுக்கத்தில் இருக்கிறது, பீறிட்டால் கண்ணையும் தோலையும் உறைய வைத்துக் கெடுக்கும்.

பழைய ஹோஸைப் பிளையரால் பிடித்து முறுக்கி இழுப்பதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கிற அழிவு. இருபது வருட ஹோஸ் குழாயோடு ஒட்டிப்போயிருக்கும். நீங்கள் முறுக்கும் பலம் நேரே கோரின் பற்றாசு வரை போய் நல்ல கோரையும் வெடிக்க வைக்கும். ஹோஸ் எப்படியும் மாற்றத்தானே போகிறோம். குழாய் மேல் உள்ள பகுதியில் பிளேட்டால் நீளவாட்டில் கீறுங்கள், அலுமினியத்தில் பிளேட் படாமல். பிறகு தோடம்பழத் தோல்போல உரித்து எடுக்கலாம்.

கோருக்குள் இன்னும் தண்ணீர் நிற்கும். ஒரு குழாயில் துண்டு ஹோஸ் மாட்டிப் பேசினுக்குள் விட்டு, மற்றதால் வாயால் ஊதுங்கள். கொம்பிறஷர் வைத்து அடிக்க வேண்டாம், பலவீனமான கோர் அதில் பிளந்துவிடும். பிறகு இரண்டு வாயையும் துணியால் அடைத்துவிடுங்கள். இதைச் செய்யாதவர்களின் வாகனத்தில் அந்தத் துருத்தண்ணீர் முழுக்க சீற்றில்தான் கொட்டும்.

கபினுக்குள்

முன் சீற்றுகளைக் கழற்றி வெளியில் வைத்தால் முதுகு தப்பும்; பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் நாலு போல்ட். அடுத்து கியர் பெட்டிப் பலகை, கிளவ் பொக்ஸ், றேடியோ, ஹீற்றர் குமிழ்ப் பலகை, காலடிப் பலகைகள். ஸ்குறூ எல்லாம் கழன்ற பிறகும் ஒரு பலகை வராவிட்டால் எங்கோ மறைவாக இன்னொரு ஸ்குறூ இருக்கிறது. வெயிலில் காய்ந்த பிளாஸ்ரிக் இழுவைக்குத் தாங்காது, தேடுங்கள்.

குமிழ்ப் பலகையிலிருந்து போகும் கேபிள்களின் உறை எந்த இடத்தில் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று மார்க்கரால் கோடு போட்டபின் கழற்றுங்கள். ஏன் என்று பின்னால் வரும்.

இந்த இடத்தில் வாகனங்கள் இரண்டு வகையாகப் பிரியும். சிலவற்றில் காலடிக் காற்றுக் குழலைக் கழற்றியதும் பெட்டியின் பக்கவாட்டில் கோரின் மூடி தெரியும். இரண்டு மூன்று ஸ்குறூ எடுத்தால் கோர் பக்கமாக வழுக்கி வரும். டாஷ்போட் இருந்த இடத்திலேயே இருக்கும். மற்றவற்றில் டாஷ்போட், அதன் பின்னுள்ள இரும்புச் சட்டம், பெட்டி எல்லாம் கழல வேண்டும். பெட்டிக்குள் ஏசியின் கோரும் சேர்ந்திருந்தால் வாயுவை முதலில் ஏசிக் கடையில் இயந்திரத்தால் எடுப்பிக்க வேண்டும். வேலை தொடங்கமுன் கிளவ் பொக்ஸை மட்டும் கழற்றி ரோர்ச் அடித்துப் பார்த்தால் உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துவிடும். இரண்டாம் வகையானால் வாகனம் சில நாள் ஓடாது என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.

குழாயைக் கழற்றுதல்

குழாய்களும் இரண்டு விதம். கோரோடு ஒரே துண்டாகப் பற்றாசு வைத்தவை ஒன்று. கோர் வாசலில் கிளாம்பும் ஓ-றிங்குமாகப் பிரியக்கூடியவை மற்றது. எதுவானாலும் குழாயைப் பெட்டியோடு பிடிக்கும் சின்னத் தகட்டுப் பிடி ஒன்று, ஒரே ஒரு ஸ்குறூவுடன், நடுவில் இருக்கும். அதை மறந்து இழுத்துத்தான் குழாயை வளைக்கிறார்கள்.

பிரியக்கூடியதானால், கீழே துவாய் விரித்து, கிளாம்பின் ஸ்குறூவை எடுத்து, கிளாம்பை விரித்து நீக்குங்கள். குழாயைக் கோரின் வாயிலிருந்து நேர்க்கோட்டில் இழுங்கள். மேலும் கீழும் ஆட்டக் கூடாது. மிகச் சிறிதாகச் சுழற்றினால் ஒட்டிப்போன ஓ-றிங் விடும். வெளியில் வந்த ஓ-றிங்கைப் பாருங்கள்: வட்டமான வெட்டுமுகம் சப்பையாகி, நகத்தால் அழுத்தினால் மயிர்போல வெடிப்புத் தெரியும். பல வாகனங்களில் கோர் நல்லாக இருக்கும், ஒழுகியது இந்த றிங் மட்டும்தான். அதனால் கோர் வாங்கமுன் மூட்டுகளைப் பாருங்கள்.

ஓ-றிங் இருந்த பள்ளத்தில் வெள்ளைப் பொருக்குப் பிடித்திருக்கும். வினாகிரி நனைத்த துணியைச் சற்று நேரம் சுற்றி வைத்து, ஈர்க்குக் குச்சியால் சுரண்டிக் கழுவுங்கள். கத்தி வைத்தால் அலுமினியத்தில் கீறல் விழும், அந்தக் கீறலாலேயே புது றிங்கும் ஒழுகும். புது றிங் இபிடிஎம் றப்பராக இருக்க வேண்டும்; எண்ணெய்க்குரிய நைட்ரைல் றிங் சுடுதண்ணீரில் விறைத்துப்போகும். பூட்டும்போது கிறீஸ் பூசாதீர்கள், இபிடிஎம் அதில் ஊதிவிடும். கொஞ்சம் கூலன்ற் தடவினால் போதும்.

ஒரே துண்டாக உள்ளதை எடுக்கப் பெட்டியைப் பின்னுக்கு நகர்த்தி, குழாய்கள் சுவரின் துளையை விட்டு வெளியே வர இடம் விட வேண்டும். குழாயை வாளால் அறுத்துக் கோரை எடுத்துவிடலாம் என்று தோன்றும். பழையது வந்துவிடும், ஆனால் முழு நீளக் குழாயோடு உள்ள புதுக் கோர் அந்த இடுக்கால் போகாது. ஹீற்றரை நிரந்தரமாகக் கைவிடுகிறவருக்கு மட்டும் அறுப்பது சரி.

பழைய செம்பு, பித்தளைக் கோரை றேடியேற்றர் திருத்துகிற கடையில் ஈயம் வைத்து ஒட்டலாம். அலுமினியக் கோரில் எபொக்சிப் பசை பூசினால் சூடேறிக் குளிரும் சுற்றில் சீக்கிரமே விட்டுவிடும். இவ்வளவு கழற்றிய பிறகு அந்தச் சிக்கனம் வேண்டாம்.

பூட்டும்போது

கோரைச் சுற்றியிருந்த ஸ்பொஞ் பட்டை உதிர்ந்திருந்தால் புதிதாக ஒட்டுங்கள். சுவரின் துளையிலுள்ள றப்பரையும் திரும்பப் போடுங்கள், இல்லாவிட்டால் எஞ்சின் மணமும் மாரி மழைத் தண்ணீரும் உள்ளே வரும். ஹோஸைக் குழாயின் தடிப்பைத் தாண்டி முழுதாக ஏற்றி, கிளிப்பைத் தடிப்புக்குப் பின்னால் 3 முதல் 5 மில்லிமீற்றர் தள்ளி இறுக்குங்கள். தடிப்பின் மேலேயே இறுக்கினால் ஹோஸ் வெட்டுப்படும்.

எதையும் மூடமுன் தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள். அமுக்கம் ஏற்றி 15 நிமிடம் விட்டு, ஒவ்வொரு மூட்டையும் வெள்ளை ரிசுத் தாளால் ஒற்றிப் பாருங்கள். பம்ப் இல்லையென்றால், கழற்றிய எயர்பாக் உள்ளிட்ட கனெக்ரர்களைத் திரும்பப் போட்டபின் பற்றரியை இணைத்து, எஞ்சினை ஓடவிட்டு, மேல் ஹோஸ் சுட்டு விறைக்கும் வரை காத்திருந்து பாருங்கள்.

பிறகு கேபிள். குமிழை முழுக் குளிரில் வைத்து, பெட்டியிலுள்ள கதவு நெம்பையும் குளிர்ப் பக்கம் முட்டும்வரை தள்ளிப் பிடித்துக்கொண்டு, நீங்கள் போட்ட கோட்டில் உறையைக் கிளிப் பண்ணுங்கள். சில மில்லிமீற்றர் பிசகினாலும் கதவு முழுதாக மூடாது. சூட்டுக் காற்று ஏசிக் காற்றோடு கலக்கும். ஏசி முந்தியைப்போல் குளிரவில்லை என்று வாயு அடிக்கப் போகிறவர்களில் சிலருக்கு உண்மையான நோய் இதுதான்.

கடைசியாகக் கூலன்ற். இங்கே உறைபனி இல்லை என்பதால் வேண்டாம் என்கிறார்கள். எங்களுக்கு வேண்டியது அதிலுள்ள அரிப்புத் தடுப்பு. செறிவான கூலன்ற்றானால் 30 முதல் 50 வீதம் வரை, பற்றரிக்கு ஊற்றும் வடிநீரோடு கலவுங்கள். அமிலம் கலந்த போத்தலை மாறி வாங்கிவிடாதீர்கள். கலந்தே வரும் கூலன்ற்றுக்குத் தண்ணீர் சேர்க்கக் கூடாது. இதுவரை கிணற்றுத் தண்ணீர் ஓடிய எஞ்சினானால் முதலில் நல்ல தண்ணீரால் தெளிவாக வரும்வரை கழுவுங்கள். மேல் தாங்கியிலிருந்து வரும் ஹோஸின் அமுக்கம் அதற்கு அளவானது: 5 மீற்றர் உயரத்துக்கு அரை பார் மட்டுமே.

வாகனத்தின் முன்பக்கத்தைச் சற்று ஏற்றி நிறுத்தி, குமிழை முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடி மெதுவாக ஊற்றி, எஞ்சினை ஓடவிடுங்கள். குமிழிகள் நிற்கும்வரை ஊற்றி மூடுங்கள். டாஷ்போட்டுக்குப் பின்னால் களகள என்று சத்தம் கேட்டாலோ, அக்சிலரேற்றரை மிதித்தால் மட்டும் சூட்டுக் காற்று வந்து விட்டதும் குளிர்ந்தாலோ, உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. குளிரவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். கழற்றும்போது அளந்த அளவைவிட ஒரு லீற்றருக்கு மேல் குறைவாகப் பிடித்தாலும் அதே அர்த்தம்தான்.

முதல் 200 கிலோமீற்றருக்குப் பிறகு, குளிர்ந்த எஞ்சினில் கிளிப்புகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். புது றப்பர் சூட்டில் அமர்ந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும். வால்வு உள்ள வாகனமானால் மாதம் ஒருதரம் குமிழைச் சூட்டுப் பக்கமும் குளிர்ப் பக்கமும் திருப்பிவிடுங்கள், அசையாமல் இருந்தால் வால்வு இறுகிவிடும்.